அதிகாலை ஓட்டம் ஏன் மூன்றாவது வாரத்தில் நின்றுபோகிறது?

கேள்வி: எனக்கு வயது 38. நாள் முழுவதும் உட்கார்ந்தே செய்யும் வேலை. இரவு படுக்கப் பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறது. காலை ஏழு மணிக்கு எழுவது வழக்கம். கடந்த இரண்டு ஆண்டுகளில் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடும் பழக்கத்தைப் பலமுறை தொடங்கிவிட்டேன். முதல் வாரம் உற்சாகமாகப் போகும், இரண்டாவது வாரம் தூரத்தைக் கூட்டுவேன், மூன்றாவது வாரத்தில் ஏதாவது ஒரு காரணத்தால் நின்றுவிடும். கடைசி முறை இரு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒட்டி வலி வந்தது. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். எனக்கு அந்த 21 நாளையே எட்ட முடியவில்லை. மன உறுதி இல்லாதவன் என்று என்னைப் பற்றி நானே முடிவுக்கு வந்துவிட்டேன். தினமும் ஓட வேண்டுமா, வெறும் வயிற்றில் ஓடலாமா என்பதையும் சொல்லுங்கள். நான்கு மாதம் கழித்து நடக்கவிருக்கும் 10 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

மன உறுதி இல்லாதவர் ஒருமுறை விட்டதோடு விட்டுவிடுவார். இரண்டு ஆண்டுகளில் திரும்பத் திரும்ப எழுந்து, ஷூவை மாட்டிக்கொண்டு இருட்டில் வெளியே போன உங்களை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது, ஒவ்வொரு முறையும் நீங்கள் நின்றுபோகும் இடம் ஒன்றாகவே இருப்பதுதான். இயன்முறை மருத்துவர் என்ற முறையில், புதிதாக ஓடத் தொடங்கியவர்களின் கால்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவர்களில் பலரும் தொடங்கிய மூன்றாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் இடையில்தான் வலியோடு வருகிறார்கள், உங்களைப் போலவே தங்களைக் குறைசொல்லிக்கொண்டும் வருகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வதையே உங்களுக்கும் எழுதுகிறேன். நீங்கள் ஒரு பழக்கத்தைத் தொடங்குவதாக நினைத்து இரண்டைச் சேர்த்துத் தொடங்கியிருக்கிறீர்கள். வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக எழுவது ஒன்று, ஓடுவது மற்றொன்று. இவை இரண்டுக்கும் உடல் தனித்தனியே அவகாசம் கேட்கிறது. இரண்டையும் ஒரே திங்கட்கிழமையில் ஆரம்பித்தால், இரண்டின் களைப்பும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வந்து சேர்ந்துகொள்கிறது.

முதலில் தூக்கத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். வளர்ந்தவர் ஒருவருக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்பது தூக்க மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஆக, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்ற கணக்கில் இரண்டு வாரத்தில் 28 மணி நேரம் தூக்கக் கடன் ஏறியிருக்கிறது. இதில் கவலைக்குரிய விஷயம், இந்தக் கடன் ஏறுவது நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், 14 நாள் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனத்திறன், ஓரிரு இரவுகள் முழுக்கத் தூங்காமல் இருந்தவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. அவர்களோ தங்களுக்குச் சற்றே தூக்கம் வருவதாக மட்டும்தான் உணர்ந்தார்கள். நீங்கள் அந்த ஆறு மணி நேரத்தைவிடவும் குறைவாகத் தூங்கிவிட்டு, அதற்கு மேல் ஓடவும் செய்திருக்கிறீர்கள். அப்படியிருக்க, மூன்றாவது வாரத்தில் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்ததை உறுதிக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன்.

தூங்கும் நேரத்தின் அளவு போலவே, எழும் நேரம் உடலுக்கு எந்த நேரமாக இருக்கிறது என்பதும் முக்கியம். மூளையில் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியில், பார்வை நரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, நம் உடற்கடிகாரம் இருக்கிறது. உடல் வெப்பம் எப்போது ஏற வேண்டும், தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் எப்போது சுரக்க வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் நேரப்படுத்துகிறது. வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடலின் உள்வெப்பம் அந்த நாளின் மிகக் கீழான நிலையைத் தொடும். ஏழு மணிக்கு எழுந்து பழகிய உங்களுக்கு அது ஏறக்குறைய நான்கிலிருந்து ஐந்து மணிக்குள் நிகழும். நீங்கள் ஐந்து மணிக்கு அலாரம் வைத்தபோது, சுவர்க் கடிகாரத்தில் அது அதிகாலையாக இருந்தாலும் உங்கள் உடலுக்கு நடு இரவாகவே இருந்தது. அந்த நேரத்தில் எழுப்பப்படும்போது வரும் தூக்கக் கலக்கம் மற்ற நேரங்களில் வருவதைவிடக் கனமானது. சாதாரணமாகக் கால் மணி, அரை மணியில் விலகும் மந்தம் அப்போது ஒரு மணி நேரம்கூட நீடிக்கும். கால் தடுமாறுவதும், லேஸ் கட்டக்கூட அலுப்பாக இருப்பதும், 'இன்று ஒரு நாள் போகட்டும்' என்ற எண்ணம் நியாயமாகத் தோன்றுவதும் அந்த மந்தத்தின் வேலை.

இந்தக் கடிகாரத்தை மாற்ற முடியும். அலாரத்துக்கு அதில் பெரிய பங்கு இல்லை, மாற்றுவது ஒளிதான். வெப்பம் மிகக் கீழே இறங்கிய அந்த நேரத்துக்குப் பிறகு கண்ணில் படும் பிரகாசமான ஒளி, மறுநாள் விழிப்பை முன்கூட்டியே வரச் செய்கிறது. அதற்கு முன்பு படும் ஒளி நேர்மாறாகக் கடிகாரத்தைத் தாமதப்படுத்திவிடுகிறது. ஆகவே, திடீரென்று இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக எழுந்து எல்லா விளக்குகளையும் போட்டுக்கொண்டு உட்காருபவர், தான் விரும்பியதற்கு எதிரான திசையில் உடலைத் தள்ளிக்கொண்டிருக்கக்கூடும். படிப்படியாக நகர்த்தச் சொல்வதற்குக் காரணம் இதுதான். மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் என்று எழும் நேரத்தை முன்னால் கொண்டுவாருங்கள். ஏழு மணியிலிருந்து ஐந்தரைக்கு வர 18 நாள் ஆகும், ஓரிரு நாள் தயங்கினாலும் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். எழுந்ததும் கூடிய விரைவில் வெளிவெளிச்சத்துக்குப் போய்விடுங்கள். மேகம் மூடிய காலையிலும் வெளியில் கிடைக்கும் ஒளி, வீட்டுக்குள் விளக்கு தரும் ஒளியைப் போலப் பல மடங்கு இருக்கும். எழும்போது இருட்டாக இருந்தால் அதுவரை அறை விளக்குகள் போதும்.

ஐந்து மணியை ஐந்தரை என்று நானாக மாற்றிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். அரை மணி நேர ஓட்டத்துக்கும், முன்னும் பின்னும் நடைக்கும், குளிப்பதற்கும் ஐந்தரைக்கு எழுந்தால் போதும். ஐந்து என்ற எண்ணுக்கென்று தனிச் சிறப்பு எதுவும் கிடையாது. அதிகாலைக்கே அப்படியொரு மாயம் இருப்பதாகவும் நான் நம்பவில்லை. இதயமும் தசைகளும் மாலையில் செய்த பயிற்சிக்கும் இதே பலனைத்தான் தருகின்றன. அதிகாலையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், அந்த நேரத்தில் வேலையும் உறவுகளும் அழைப்புகளும் குறுக்கே வருவது குறைவு என்பது மட்டுமே. அதனால் உங்கள் வேலையின் தன்மையால் பன்னிரண்டுக்கு முன் படுக்கவே முடியாது என்றால், தூக்கத்தை வெட்டி ஓட்டத்துக்குக் கொடுக்க வேண்டாம். ஏழு மணிக்கே எழுந்து மாலையில் ஓடுங்கள். படுக்கும் நேரத்தைப் பத்தரைக்குக் கொண்டுவர முடியும் என்றால் மட்டுமே இந்தத் திட்டம் உங்களுக்குப் பொருந்தும்.

படுக்கும் நேரத்தை நகர்த்துவது எழுவதைவிடக் கடினம், ஏனென்றால் தூக்கத்தைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. முதல் சில நாள் பத்தரைக்குப் படுத்தாலும் தூக்கம் வராமல் புரள நேரிடும். எழும் நேரம் நிலையாக இருந்து, காலையில் ஒளியும் கிடைத்தால் இரவுத் தூக்கம் தானாகப் பின்தொடர்ந்து முன்னால் வரும். படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான விளக்குகளையும் கைபேசித் திரையையும் குறைத்துக்கொள்ளுங்கள். காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபின் உடலில் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது, ஆகவே மாலையில் குடிக்கும் ஒரு கோப்பை இரவுத் தூக்கத்தில் கைவைக்கும். மதியத்தோடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது. விடுமுறை நாளில் ஒன்பது மணி வரை தூங்கி ஈடுகட்டும் வழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டியிருக்கும். வாரநாளைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் திங்கட்கிழமை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது போலாகிவிடுகிறது.

இந்த மூன்று வாரமும் ஓடவே கூடாது. இதைச் சொன்னவுடன் பலரும் ஏமாற்றம் அடைகிறார்கள், உங்களுக்கும் அப்படி இருக்கலாம். ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எழுந்தவுடன் ஓடுவதற்குரிய உடையும் ஷூவும் அணிந்து வெளியே போய்ப் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பழக்கமாக வேண்டியது கதவைத் தாண்டுவது வரையிலான பகுதிதான். ஓட்டத்தைப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போது பிடிக்காமல் நின்றதாகச் சொல்பவர்கள் குறைவு. கட்டிலிலிருந்து வாசலுக்கு வரும் அந்தச் சில நிமிடங்களைக் கடக்க முடியாமல் விட்டவர்களே அதிகம்.

ஆகவே அந்தச் சில நிமிடங்களை முந்தைய இரவே முடிவுசெய்து வைத்துவிட வேண்டும். அலாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது, அறையின் மறுமூலையில், விளக்குச் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அணைக்கப் போன கையே விளக்கைப் போட்டுவிடும். உடை, காலுறை, ஷூ, வீட்டுச் சாவி, ஒரு குவளைத் தண்ணீர் எல்லாம் ஒரே இடத்தில், அணியும் வரிசையிலேயே இருக்க வேண்டும். ஷூவின் லேஸ் முடிச்சை முந்தைய நாளே அவிழ்த்துத் தளர்த்தி, நாக்குப் பகுதியை வெளியே இழுத்து விட்டிருங்கள். தூக்கக் கலக்கத்தில் இறுகிப்போன முடிச்சோடு போராடுவது ஒருவரைத் திரும்பிப் படுக்க வைக்கப் போதுமான தடையாகிவிடுகிறது. ஸ்நூஸ் பொத்தானுக்கு இதில் இடமே இல்லை. பத்துப் பத்து நிமிடமாகக் கிடைக்கும் துண்டுத் தூக்கத்தில் உடல் தேறுவதில்லை, 'எழலாமா வேண்டாமா' என்ற விவாதம்தான் ஒன்றுக்கு நான்காகப் பெருகுகிறது.

அந்த விவாதத்துக்கு இடமே தராமல் இருப்பதற்கு உளவியலில் நன்கு ஆராயப்பட்ட ஒரு வழி இருக்கிறது. பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1990-களில் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். 'அதிகாலையில் ஓடுவேன்' என்று பொதுவாக எண்ணுவதற்குப் பதிலாக, 'இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்' என்று நேரத்தையும் இடத்தையும் செயலையும் முன்கூட்டியே இணைத்துவைப்பவர்கள் எண்ணியதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது அதன் சாரம். உங்களுக்கு அது இப்படி அமையலாம்: அலாரத்தை அணைத்ததும் முகம் கழுவுவேன், முகம் துடைத்ததும் உடை மாற்றுவேன், தண்ணீர் குடித்ததும் ஷூ போடுவேன், ஷூ போட்டதும் கதவைத் திறப்பேன். இந்த வரிசையில் 'இன்று எப்படி இருக்கிறது, போகலாமா' என்ற கேள்வி எங்கும் வரவில்லை என்பதைப் பாருங்கள். அந்தக் கேள்வியை வாசலுக்கு வெளியே, ஐந்து நிமிடம் நடந்த பிறகு கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதும் உடம்பு முடியவில்லை என்றால் தாராளமாகத் திரும்பிவிடலாம், அன்றைய கணக்கில் அது முழு நாளாகவே சேரும்.

இனி 21 நாள் விஷயம். 1960-ல் ஒரு பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை மருத்துவர், தம்மிடம் சிகிச்சை பெற்றவர்களுக்கு மாறிய முகம் மனத்தில் பதியக் குறைந்தது 21 நாள் ஆவதாகக் கவனித்து எழுதினார். 'குறைந்தது' என்ற சொல்லும் 'முகம்' என்ற விஷயமும் காலப்போக்கில் உதிர்ந்துபோய், எந்தப் பழக்கத்துக்கும் 21 நாள் என்ற வாக்கியம் மட்டும் எஞ்சிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து இதை முறையாக அளந்து பார்த்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று அவர்களது கணக்கு காட்டியது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் விரைவாகப் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. உங்களுக்கு ஆறுதல் தர வேண்டிய தகவல் அதே ஆய்வில் இன்னொன்று உண்டு: நடுவே ஒரு நாள் விட்டுப்போனது, பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. நீங்கள் 21 நாளை விடாமல் தொடவேண்டும் என்று நினைத்ததால், பதினாறாவது நாள் தவறியபோது எல்லாமே போயிற்று என்று விட்டுவிட்டீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. காய்ச்சல், பயணம், வீட்டில் ஒரு வேலை என்று நாள்கள் தவறத்தான் செய்யும். தவறிய நாளை ஈடுகட்ட மறுநாள் இரு மடங்கு ஓட மட்டும் வேண்டாம், அந்த வாரத்தில் எந்த அளவில் விட்டீர்களோ அதே அளவில் தொடருங்கள்.

கால் வலிக்கு வருகிறேன். அது ஏன் மூன்றாவது வாரத்தில் வந்தது என்பதற்கு உடலிலேயே விளக்கம் இருக்கிறது. ஓடத் தொடங்கிய ஓரிரு வாரத்துக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் இரத்தத்தின் அளவும் கூடுகிறது, மூச்சு இரைப்பது குறைகிறது. நமக்குத் தெரியும் முன்னேற்றம் இதுதான், இதை நம்பித்தான் இரண்டாவது வாரத்தில் தூரத்தைக் கூட்டுகிறோம். எலும்பின் வேகம் வேறு. புதிய சுமை விழும்போது எலும்பு தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளத் தொடங்குகிறது. அந்த வேலையில் முதலில் பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்கள் வருகின்றன, புதிய எலும்பை இட்டு நிரப்பும் செல்கள் பிறகே வருகின்றன. ஒரு சுற்று முடிய மூன்று மாதத்துக்கும் மேலாகும். இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பு இருந்ததைவிடச் சற்றுப் பலவீனமாகக்கூட இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. மெல்லோட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகள் விழும். நுரையீரல் போதும் என்று சொல்லாத அந்த வாரத்தில்தான் எலும்பு போதும் என்று சொல்கிறது.

உங்கள் வலி எந்த வகை என்பதை நீங்களே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை மற்றொரு தொடையின்மேல் போட்டுக்கொள்ளுங்கள். கணைக்கால் எலும்பின் உட்புற விளிம்பு தோலுக்கு அடியிலேயே தட்டுப்படும். கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே தொடங்கி, கட்டைவிரல் நுனியால் ஒரு செண்டிமீட்டர் ஒரு செண்டிமீட்டராக அழுத்திக்கொண்டே மேலேறி வாருங்கள். நான்கைந்து விரல் அகலத்துக்கு மேல் பரவலாக, எங்கு அழுத்தினாலும் மந்தமாக வலித்தால், அது எலும்பு உறையும் அதை ஒட்டிய திசுக்களும் சுமை தாங்காமல் நோகும் நிலையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு புள்ளியில், விரல் நுனி அகலத்துக்குள், சுளீரென்று வலித்தால், அல்லது அந்தக் காலில் மட்டும் நின்று ஒருமுறை குதிக்கும்போது அதே புள்ளியில் குத்தினால், அல்லது படுத்திருக்கும்போதும் வலி தொடர்ந்தால், எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கக்கூடும் என்று கருதி எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அத்தகைய விரிசல் தொடக்க வாரங்களில் எடுக்கும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிவதில்லை. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்க வேண்டாம், எம்ஆர்ஐ தேவையா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

பரவலான வலி மட்டும்தான் என்றால், மூன்று வார நடைக்காலம் அதற்கும் மருந்தாக அமையும். அழுத்தினால் வலிக்காத நிலை வந்த பிறகே ஓட்டம் தொடங்க வேண்டும். அந்த இடைவெளியில் கெண்டைக்கால் தசைகளுக்கு வலுவூட்டுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, குதிகால்களை மெதுவாக உயர்த்தி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறக்குங்கள். ஒரு சுற்றுக்குப் பதினைந்து முறை என்று இரண்டு மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். இரு காலால் எளிதாகிவிட்டால் ஒற்றைக் காலால் செய்யுங்கள், முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டும் ஒரு சுற்று செய்யுங்கள். ஓடும்போது அதிக வேலை செய்யும், கெண்டைக்காலின் உள்ளடுக்கில் இருக்கும் தசைக்கு அந்த நிலையில்தான் பயிற்சி கிடைக்கிறது.

நான்காவது வாரத்தில் ஓட்டம் தொடங்கலாம். தினமும் ஓட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள், வேண்டாம். வாரத்தில் மூன்று நாள், அடுத்தடுத்து வராத நாள்களாகப் பார்த்து ஓடுங்கள். மற்ற நாள்களிலும் அதே நேரத்துக்கு எழுந்து, அதே ஷூவில் நடந்துவிட்டு வாருங்கள். எழுவது தினமும் நடக்கும், எலும்புக்கும் தசைநாண்களுக்கும் ஒருநாள் ஓய்வும் கிடைக்கும். இரண்டு பழக்கங்களையும் பிரித்ததன் பலன் இங்கேதான் தெரியும். ஓடும் அளவுக்கு நல்ல முன்மாதிரி ஒன்று வேண்டுமென்றால், பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை புதியவர்களுக்குத் தரும் ஒன்பது வாரத் திட்டத்தைச் சொல்வேன். முதல் வாரத்தில் ஐந்து நிமிட வேக நடைக்குப் பிறகு, ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம், அவ்வளவுதான். வாரம் ஏற ஏற ஓட்டத் துண்டுகள் நீண்டு, கடைசியில் 30 நிமிடத் தொடர் ஓட்டம் வருகிறது. உங்கள் எலும்பு ஏற்கெனவே ஒருமுறை முறையிட்டிருப்பதால், எந்த வாரமும் கடினமாக இருந்தாலோ கணைக்காலில் அழுத்தும்போது மறுபடி நோவு தெரிந்தாலோ, அடுத்ததற்குத் தாவாமல் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரே அளவுகோல் போதும்: ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். பக்கத்தில் வேகமாக நடப்பவர் உங்களைக் கடந்துபோகும் அளவுக்கு அது மெதுவாக இருக்கலாம், பொருட்படுத்தாதீர்கள். அடிகளை நீட்டிப் போடாமல் சிறிதாகவும் சற்று விரைவாகவும் எடுத்துவைத்தால் முழங்காலிலும் கணைக்காலிலும் இறங்கும் சுமை குறைகிறது. கைக்கடிகாரம் காட்டும் வேகத்தையும் கலோரியையும் முதல் மூன்று மாதம் பார்க்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. நேற்றைவிட இன்று வேகம் என்ற ஆசை வந்தவுடன் எளிய ஓட்டம் என்பது கைவிட்டுப் போகிறது. ஷூவைப் பொறுத்தவரை, அடிப்பகுதி ஒருபுறமாகத் தேயாததாகவும், பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் உள்ளதாகவும், போட்டவுடன் வசதியாகவும் இருந்தால் போதுமானது.

அதிகாலை உடலுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை உண்டு. இரவு முழுவதும் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் முன்னால் குனிந்தால் வட்டில் ஏறும் அழுத்தம் பகலில் ஏறுவதைவிட அதிகம். ஓடுவதற்கு முன் குனிந்து காலின் விரலைத் தொடும் பயிற்சியை ஆர்வத்தோடு செய்பவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். அதைக் காலையில் செய்யாதீர்கள். உடல் வெப்பமும் அப்போது குறைவு, தசைகள் விறைத்திருக்கும். பத்து நிமிடம் மெல்ல வேகமெடுக்கும் நடை, கணுக்கால் சுழற்றல், கால்களை முன்னும் பின்னும் வீசுதல் ஆகியவை போதும். அசையாமல் நின்று இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் வேண்டுமென்றால் ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் ஓடலாம். இரவுப் பட்டினியில் கல்லீரலில் சேமித்த சர்க்கரை குறைந்திருந்தாலும், தசைகளில் உள்ள சேமிப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, அரை மணி நேர எளிய ஓட்டத்துக்கு அது தாராளம். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள். தலைசுற்றுவது போல் இருந்தால் சிறிதளவு ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஓடுவதில் குறை ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் ஓடினால் எடை வேகமாகக் குறையும் என்று எதிர்பார்த்து வயிற்றைக் காயப்போட வேண்டாம். அந்த அரை மணியில் கொழுப்பு சற்றுக் கூடுதலாக எரிந்தாலும், நாள் முழுவதும் உண்பதன் கணக்கே எடையைத் தீர்மானிக்கிறது. நீரிழிவுக்கு இன்சுலினோ, இரத்தச் சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பதில் பொருந்தாது, அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெறும் வயிற்றில் ஓடக் கூடாது.

நீங்கள் பல ஆண்டு உட்கார்ந்தே வேலை செய்தவர் என்பதால் இதையும் கேட்க வேண்டியிருக்கிறது. மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கம், காரணமில்லாத மயக்கம், படபடப்பு உண்டா? உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் உண்டா? குடும்பத்தில் இளவயதில் யாரேனும் இதயக் கோளாறால் திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஒன்றுக்காவது ஆம் என்று பதில் வந்தால், நான்காவது வாரத்தில் ஓடத் தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஓடும்போது நெஞ்சிலோ இடது தோளிலோ தாடையிலோ அழுத்தம் தெரிந்தால் அன்றே, அப்போதே நிறுத்தி உதவி கேளுங்கள். இருட்டில் ஓடினால் ஒளியைப் பிரதிபலிக்கும் உடை அணிந்து, நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகள் தெரியும் பக்கமாக ஓடுங்கள்; காதுகள் இரண்டையும் அடைத்துக்கொள்ள வேண்டாம்.

இறுதியாக அந்த 10 கி.மீ. ஓட்டம். இப்போது பெயர் கொடுக்க வேண்டாம். நடைக்கு மூன்று வாரம், ஓட்டத்துக்கு ஒன்பது வாரம், ஏதேனும் ஒரு வாரத்தைத் திரும்பச் செய்ய ஒரு வாரம் என்று வைத்தால் பதின்மூன்று வாரம் ஆகிறது. அப்போது நீங்கள் அரை மணியில் ஓடும் தூரம் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டராக இருக்கும். மீதமுள்ள நான்கு வாரத்தில் அதைப் பத்தாக்க முயன்றால், சென்ற முறை வலித்த அதே இடத்துக்குத்தான் திரும்ப வருவீர்கள். நண்பர்களோடு அன்று இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. அதே நாளில் 5 கி.மீ. ஓட்டமும் இருந்தால் அதற்குப் பெயர் கொடுங்கள், நடுவில் நடந்தும் முடிக்கலாம். 10 கி.மீ.க்கு அதற்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் கழித்து வரும் ஓட்டம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாவது வாரக் கடைசியில் வாரம் மூன்று முறை அரை மணி நேரம் நிற்காமல் ஓட முடிகிறதா, ஓடிய மறுநாள் கணைக்காலை அழுத்தினால் நோவில்லையா, ஐந்தரைக்கு எழுந்த பகலில் தூங்கி வழியாமல் இருக்கிறீர்களா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் அன்றே பெயர் கொடுக்கலாம். அதற்கு முன்பாக, இந்த வாரமே விரலால் அழுத்திப் பார்க்கும் அந்தச் சோதனையைச் செய்துவிட்டு, ஒரே புள்ளியில் வலி இருந்தால் மருத்துவரிடம் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.